'டி.டி.' போட்டாயிற்று, கக்குவானுக்குத் தனியாக இன்னொரு ஊசி எதற்கு?

கேள்வி: மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு, எனக்கு 28 வயது. இரண்டாவது முறையாகக் கருவுற்று 29 வாரம் ஆகிறது. தஞ்சை மாவட்டத்தில் கணவர் வீட்டில் இருக்கிறேன். நான்காம் மாதத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு டி.டி. ஊசி போட்டார்கள். என் ரத்த வகை ஓ நெகட்டிவ் என்பதால் போன வாரம் தனியார் மருத்துவமனையில் ஆன்டி-டி ஊசியும் போட்டாயிற்று. இப்போது அதே மருத்துவர், பிறக்கப்போகும் குழந்தைக்குக் கக்குவான் இருமல் வராமலிருக்க 'டிடாப்' என்று மூன்றாவதாக ஓர் ஊசி போடச் சொல்கிறார்; எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட இரண்டாயிரம் ரூபாய் ஆகுமாம். மூத்தவளுக்கு இதெல்லாம் போடவில்லையே, அவள் நன்றாகத்தானே இருக்கிறாள் என்கிறார் மாமியார். அவசியம் என்றால் அரசாங்கமே போடாதா என்று கேட்கிறார் கணவர். 33ஆவது வாரத்தில் தேனிக்கு அம்மா வீட்டுக்குப் போகப் போகிறேன். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாமா? அம்மாவுக்கு மூன்று வாரமாக இருமல் வேறு இருக்கிறது. இரண்டரை வயதாகும் மூத்தவளுக்கு ஒன்றரை வயதில் போட வேண்டிய ஊசி, அப்போது காய்ச்சலாக இருந்ததால் தள்ளிப்போய் அப்படியே விட்டுப்போயிற்று. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இத்தனை ஊசியால் ஏதும் ஆகாதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

போட்டுக்கொள்ளுங்கள். தேனிக்குப் புறப்படும் வரை காத்திருக்காமல் இந்த வாரமோ அடுத்த வாரமோ, உங்களைப் பார்த்துவரும் மருத்துவரிடமே போட்டுக்கொள்வது நல்லது. உங்கள் கடிதத்தில் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல், போகிறபோக்கில் சொல்லிச்சென்ற இரண்டு செய்திகள் எனக்கு ஊசியைவிடக் கவலை தருகின்றன. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பல ஆண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்கு நாம் போட்டுவந்தது இரணஜன்னிக்கு எதிரான ஊசி மட்டுமே. அதை எல்லோரும் டி.டி. என்றார்கள். அண்மை ஆண்டுகளில் அரசு அதை மாற்றி, இரணஜன்னியோடு தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் பாதுகாப்புத் தரும் ஊசியைக் கொண்டுவந்தது. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டுக்கும் கடைசி எழுத்து வேறு. தமிழில் எழுதினாலும் சொன்னாலும் இரண்டும் 'டி.டி.'தான். நீங்கள் நான்காம் மாதத்தில் போட்டுக்கொண்டது இந்த இரண்டாவது வகையாகத்தான் இருக்கும். முந்தைய பேற்றில் இரண்டு தவணை முழுதாகப் போட்டு, மூன்று ஆண்டுக்குள் மீண்டும் கருவுற்றவருக்கு ஒரே ஓர் ஊக்கத் தவணை போதும் என்பது விதி. அதனால்தான் உங்களுக்கு ஒன்றோடு நிறுத்திவிட்டார்கள். ஆன்டி-டி என்பது தடுப்பூசியே அன்று. தாய் நெகட்டிவாகவும் குழந்தை பாசிட்டிவாகவும் இருந்தால், குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் கிளம்பாதபடி தடுப்பதற்காக 28ஆவது வாரத்தையொட்டிப் போடுவது அது. டிடாப் இந்த இரண்டிலிருந்தும் வேறு: இரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஆகியவற்றோடு கக்குவானுக்கும் சேர்த்துப் போடும் ஊசி. ஆக, மூன்று 'டி'க்களும் மூன்று வேலைக்கானவை. இதுவரை நீங்கள் போட்டுக்கொண்ட எதிலும் கக்குவானுக்கான மருந்து ஒரு துளியும் இல்லை.

கக்குவான் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவில் வருவது, இழுத்து இழுத்து இருமி, கடைசியில் கூவுவதுபோல் மூச்சை உள்ளிழுத்து, குடித்த பாலையோ சாப்பிட்ட சோற்றையோ கக்கிவிடும் நாலைந்து வயதுக் குழந்தை. அந்த வயதில் அது பெரும் தொல்லை, வாரக்கணக்கில் நீளும். சீனர்கள் அதற்கு 'நூறு நாள் இருமல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றரை மாதக் குழந்தைக்கு வரும் கக்குவான் இப்படிக் கூவி அறிவித்துக்கொண்டு வருவதில்லை. நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், ஒரு நள்ளிரவில் 38 நாள் குழந்தை ஒன்றைத் தூக்கிவந்தார்கள். "இருமலே இல்லை டாக்டர், பால் குடிக்கும்போது நீலமாகிவிடுகிறது" என்றார் அந்தத் தாய். கட்டிலில் கிடத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். தும்மலைவிடச் சற்றே பெரிதாக நாலைந்து சிறு இருமல். நாக்கு வெளியே நீண்டது. முகம் சிவந்து, பிறகு உதடு நாவற்பழம் தின்ற வாய்போல் கறுத்தது. அதன்பின் ஒன்றுமில்லை, மூச்சே இல்லை. செவிலியர் உள்ளங்காலைச் சுண்டி, முகத்தருகே ஆக்சிஜனைப் பிடித்தபின்தான் மார்பு மீண்டும் ஏறி இறங்கியது. வார்டு வாசலில் குழந்தையின் பாட்டி, முந்தானையால் வாயைப் பொத்தியபடி இருமிக்கொண்டு நின்றிருந்தார். ஒரு மாதமாக அந்த இருமல் என்றார்கள். மூன்று வாரம் கழித்து அந்தக் குழந்தை நலமாக வீடு திரும்பியது. எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை: நுரையீரல் அழற்சி, வலிப்பு, மூளைப் பாதிப்பு, வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகி நுரையீரலின் ரத்த ஓட்டமே தடைப்படுவது ஆகியவை எல்லாம் மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடம்தான் மிகுதி.

குழந்தை பிறந்ததும் தடுப்பூசி போடுகிறார்களே, அது போதாதா என்று உங்கள் வீட்டில் அடுத்துக் கேட்பார்கள். பிறந்த உடன் தருவது காசநோய்க்கு பி.சி.ஜி., மஞ்சள் காமாலைக்கு ஹெபடைட்டிஸ்-பி, போலியோ சொட்டு மருந்து ஆகிய மூன்றுமே. இவற்றில் கக்குவானுக்கு எதுவும் கிடையாது. கக்குவானுக்கான முதல் தவணை ஆறாவது வாரத்தில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில், அதாவது நீங்கள் பென்டா என்று சொல்வதில்தான் வருகிறது. அடுத்தவை பத்தாவது, பதினான்காவது வாரங்களில். ஒரு தவணையோடு முழுப் பாதுகாப்பு வந்துவிடாது. பிறந்த நாளிலிருந்து ஆறாவது வாரம் வரை குழந்தைக்குச் சொந்தப் பாதுகாப்பு என்று ஒன்றுமே இல்லை; அதன்பின் பதினான்காவது வாரம் வரை அரைகுறைப் பாதுகாப்புதான். நோய் கொல்லும் ஆற்றலோடு இருக்கும் வயதும் அதே வயதாக இருக்கிறது. இந்த இடைவெளியை அடைப்பதற்கு, குழந்தை பிறக்குமுன்பே தாயிடமிருந்து எதிர்ப்பொருள்களை வாங்கிக்கொடுப்பதைத் தவிர நம்மிடம் இதைவிட நல்ல வழி இல்லை.

வாங்கிக்கொடுப்பது என்று சொன்னது வெறும் உவமையன்று. ஊசி போட்ட இரண்டு வாரத்தில் உங்கள் ரத்தத்தில் கக்குவானுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உச்சத்தை எட்டும். நஞ்சுக்கொடி அவற்றைத் தானாகக் கசியவிடுவதில்லை; அதற்கென்றே அமைந்த ஏற்பிகளால் பற்றி இழுத்துக் குழந்தையின் ரத்தத்துக்குள் அனுப்புகிறது. இந்த வேலை கடைசி மூன்று மாதங்களில்தான் வேகம் பிடிக்கிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் தாயைவிடக்கூட அதிகமாக இவை இருப்பதுண்டு. இதனால்தான் 27 முதல் 36 வாரம் வரை என்று காலம் குறித்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக்குள்ளும் முற்பகுதியே மேல், ஏனென்றால் 36ஆவது வாரத்தில் போட்டுக்கொண்டு 37இல் பிரசவமாகிவிட்டால் எதிர்ப்பொருள்கள் உருவாகவும் கடந்துசெல்லவும் நேரம் இருக்காது. இங்கிலாந்தில் 16ஆவது வாரம் முதலே போட அனுமதிக்கிறார்கள். குறைமாதத்தில் பிறந்துவிடும் குழந்தைகளுக்கும் ஏதாவது கிடைக்கட்டும் என்பது ஒரு காரணம். நீங்கள் 29ஆவது வாரத்தில் இருப்பதால் இதைவிடப் பொருத்தமான நேரம் வேறு இல்லை. சிறுவயதில் உங்களுக்குப் போட்ட, கக்குவானும் உட்பட இந்த மூன்று நோய்களுக்கான முத்தடுப்பூசியின் பலன் இத்தனை ஆண்டுகளில் தேய்ந்துபோயிருக்கும். இந்த ஊசியின் பலனும் அப்படியே தேயும். அடுத்த முறை கருவுற்றால் அப்போதும் ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த முறை புதிதாகக் கண்டுபிடித்துச் சோதித்துப் பார்ப்பதன்று. 2012இல் இங்கிலாந்தில் கக்குவான் பரவியபோது, தடுப்பூசியால் பாதுகாப்புப் பெறும் வயதை எட்டாத 14 கைக்குழந்தைகள் இறந்தன. அந்த ஆண்டு அக்டோபரிலேயே கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கக்குவான் தடுப்பூசியைப் போடத் தொடங்கினார்கள். பின்னர் கணக்கெடுத்துப் பார்த்தபோது, தாய்க்கு உரிய காலத்தில் ஊசி போட்டிருந்தால் மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கக்குவான் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்திருந்தது. பிற்காலத்தில் போட்டுக்கொள்பவர்களின் எண்ணிக்கை சரியத் தொடங்கியது. 2024இல் அங்கே கக்குவான் மீண்டும் பெருகி, அந்த ஆண்டில் 11 கைக்குழந்தைகள் இறந்தன. கலிபோர்னியாவிலும் 2010இல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டு, பத்துக் கைக்குழந்தைகள் உயிரிழந்தபின்தான் அமெரிக்காவில் இந்தப் பேச்சு சூடுபிடித்தது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் போட வேண்டும் என்று 2012இல் அங்கே முடிவுசெய்தார்கள். மருத்துவ வசதி நிறைந்த நாடுகளிலேயே இந்த வயதுக் குழந்தைகளைக் காப்பாற்றுவது கடினமாக இருக்கிறது என்பதுதான் என்னை யோசிக்க வைப்பது.

வயிற்றுக் குழந்தைக்கு ஏதும் ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஊசியில் உயிருள்ள கிருமி எதுவும் இல்லை. கக்குவான் கிருமியிலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்திய சில புரதங்களும், நச்சுத்தன்மை நீக்கிய இரணஜன்னி, தொண்டை அடைப்பான் நச்சுப்பொருள்களுமே இருக்கின்றன. இவற்றால் உங்களுக்கோ குழந்தைக்கோ நோய் வர வழியில்லை. இங்கிலாந்தில் ஊசி போட்டுக்கொண்ட சுமார் 20,000 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்ததில், குழந்தை இறந்து பிறப்பதோ வேறு பேறுகாலச் சிக்கல்களோ கூடவில்லை. கலிபோர்னியாவில் 1,20,000க்கும் மேற்பட்ட பேறுகளை ஆராய்ந்தபோது குறைமாதப் பிரசவமோ எடைகுறைந்த குழந்தைகளோ கூடவில்லை. பனிக்குட உறையில் தொற்று என்று குறிக்கப்பட்டவர்கள் மட்டும் ஊசி போடாதவர்களில் நூற்றுக்கு 5.5 என்றும், போட்டவர்களில் 6.1 என்றும் இருந்தார்கள். இந்தச் சிறு வேறுபாட்டை நான் மறைக்க விரும்பவில்லை. அதனால் குறைப்பிரசவம் கூடியிருந்தால் அது பெரிய செய்தியாகியிருக்கும், அப்படிக் கூடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நான்காம் மாதத்தில் போட்ட டி.டி.யோடு இது மோதாது. போன வாரம் போட்ட ஆன்டி-டியும் தடையில்லை, உயிருள்ள கிருமி அடங்கிய தடுப்பூசிகளுக்குத்தான் அந்தக் கவலை. தைராய்டு மாத்திரை சாப்பிடுவதோ கர்ப்பகாலச் சர்க்கரையோகூடத் தடையல்ல. முன்பு இத்தகைய ஊசி போட்டபோது முகம் வீங்கி மூச்சுத்திணறல் வந்திருந்தாலோ, சிறுவயதில் முத்தடுப்பூசி போட்ட ஏழு நாளுக்குள் வேறு காரணம் இல்லாமல் மூளைப் பாதிப்பு ஏற்பட்டிருந்தாலோ மட்டும் போடக்கூடாது. அம்மாவிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். அன்று கடுமையான காய்ச்சல் இருந்தால் சில நாள் தள்ளிப்போடலாம்.

மேற்கையில் போடுவார்கள். ஓரிரு நாள் கை கனக்கும், தூக்கினால் வலிக்கும். சிலருக்கு உடல்வலியும் இலேசான காய்ச்சலும் இருக்கும். மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும். ஆனால் குழந்தையின் அசைவு குறைந்தாலோ, நீர் கசிந்தாலோ, உதிரம் பட்டாலோ அதை ஊசியின் விளைவு என்று எண்ணி வீட்டில் இருந்துவிடாதீர்கள். அவை தனிச் சிக்கல்கள், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை.

உங்கள் மாமியார் சொல்வதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. மூத்த பேத்தி ஊசியில்லாமலும் நலமாக இருக்கிறாள் என்பது உண்மை. பெரும்பாலான குழந்தைகள் அப்படித்தான் இருப்பார்கள், ஏனென்றால் கக்குவான் எல்லா வீட்டுக்கும் எல்லா ஆண்டும் வருவதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகி அடங்குவது அதன் இயல்பு. போன முறை வரவில்லை என்பதை வைத்து இந்த முறைக்கு உறுதி சொல்ல முடியாது. தவிர, மூத்தவள் பிறந்தபோது வீட்டில் இன்னொரு சிறுகுழந்தை இல்லை. இப்போது பிறக்கப்போகும் குழந்தைக்கு முத்தம் கொடுக்க ஒரு அக்கா காத்திருக்கிறாள்.

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது, அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. இந்தியாவில் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு டி.டி. மட்டுமே இருக்கிறது, டிடாப் சேர்க்கப்படவில்லை. மகப்பேறு மருத்துவச் சங்கங்களின் கூட்டமைப்பும் இந்தியக் குழந்தை மருத்துவக் கழகமும் இதைப் பரிந்துரைக்கின்றன, அரசு தருவதில்லை. திட்டத்தில் இல்லாததால் தேவையில்லை என்று பொருள் கொள்ளக்கூடாது, பல கோடிப் பேருக்குச் செலவுசெய்யும்போது அரசு பார்க்கும் கணக்கு வேறு. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் முத்தடுப்பூசி தயாரித்த மாநிலம் இது. 2011 டிசம்பரில் ஐந்து நோய்த் தடுப்பூசியை நாட்டிலேயே முதலில் கேரளத்தோடு சேர்ந்து தொடங்கிய மாநிலமும் இதுவே. கர்ப்பிணிகளுக்கான கக்குவான் ஊசியிலும் நாம் முந்திக்கொள்ளலாம் என்பது என் ஆசை. அதுவரை வசதி உள்ளவர் குழந்தைக்கு ஒரு நீதி, இல்லாதவர் குழந்தைக்கு ஒரு நீதி என்ற நிலை நீடிக்கத்தான் செய்யும். இதைப் படிக்கும் வேறு எவருக்கேனும் அந்தத் தொகை இயலாது என்றால் குற்றவுணர்வு கொள்ள வேண்டாம். குழந்தையின் ஆறாவது வார ஊசியை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் இருப்பதும், இருமுபவரைக் குழந்தையிடம் அண்டவிடாமல் இருப்பதும் செலவில்லாத பாதுகாப்புகள்.

செலவழித்து வாங்குவதென்றால் ஊசி கெடாமல் கைக்கு வர வேண்டும். நம் ஊரில் சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக்கடையில் ஊசியை வாங்கி, பாலித்தீன் பையில் ஐஸ் கட்டியோடு போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டு, வழியில் காய்கறியும் வாங்கிவருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. வெயிலில் சூடேறினால் வீரியம் போகும், ஐஸ் கட்டியோடு ஒட்டி உறைந்துபோனாலும் வீணாகும். ஆகவே ஊசியை வைத்திருக்கும் மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்வது மேல். கடையில்தான் வாங்க வேண்டும் என்றால் மருத்துவமனையை ஒட்டிய கடையில் வாங்கி அப்போதே போட்டுக்கொள்ளுங்கள். மின்தடை வந்தால் குளிர்பெட்டி என்ன ஆகும் என்று கடைக்காரரிடம் கேட்பதில் தவறில்லை. பூஸ்ட்ரிக்ஸ், அடாசெல் என்ற பெயர்களில் கிடைக்கிறது. இரண்டில் எது கிடைத்தாலும் சரி.

தேனிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாமா என்பதற்கு, வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முதல் பேற்றில் வளைகாப்பு முடித்துப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச்செல்வது பெரும்பாலும் ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ. இந்த ஊசிக்கு உரிய காலமும் ஏறக்குறைய அதுவே. புகுந்த ஊர் மருத்துவர், பிரசவம் பார்ப்பவர் சொல்லிக்கொள்வார் என்று விட்டுவிடுவார். பிறந்த ஊர் மருத்துவர், இத்தனை நாள் பார்த்தவர் போட்டிருப்பார் என்று எண்ணிக்கொள்வார். கையில் இருக்கும் அட்டையில் 'டி.டி. போடப்பட்டது' என்று வேறு எழுதியிருக்கும். இப்படி இரண்டு ஊர்களுக்கு நடுவே ஊசி தொலைந்துபோன பெண்களை மாதந்தோறும் பார்க்கிறேன். போட்டுக்கொண்ட அன்றே தாய் சேய் நல அட்டையில் ஊசியின் பெயர், தேதி, மருந்தின் தொகுதி எண் மூன்றையும் எழுதி வாங்கி, அட்டையை மறக்காமல் எடுத்துச்செல்லுங்கள். எப்படியோ தவறிப்போய்ப் பிரசவமும் ஆகிவிட்டால், மருத்துவமனையை விட்டு வீட்டுக்குப் போகுமுன் போட்டுக்கொள்ளலாம்; தாய்ப்பால் கொடுப்பதற்குத் தடையில்லை. அப்போது எதிர்ப்பொருள்கள் குழந்தையின் ரத்தத்துக்குப் போகாது. நீங்கள் குழந்தைக்கு நோயைக் கொடுக்காமல் இருப்பீர்கள், அவ்வளவே.

இனி நான் தள்ளிவைத்த இரண்டு செய்திகள். ஒன்று, உங்கள் அம்மாவின் மூன்று வார இருமல். குழந்தையைக் குளிப்பாட்டி, மடியில் போட்டுத் தூங்கவைக்கப் போகிறவர் அவர்தான். நம் நாட்டில் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் 'சீசன் இருமல்' என்று பெயர் வைப்பதற்கு முன், காசநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். அதில் ஒன்றும் இல்லையென்றால் கக்குவானையும் நினைத்துப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். பெரியவர்களுக்குக் கக்குவான் வந்தால் கூவல் ஒலி அரிது. நாள்பட்ட வறட்டு இருமல், இரவில் கூடுவது, இருமி முடித்ததும் குமட்டுவது என்று சாதாரணமாகவே இருக்கும், வேலையைக்கூட நிறுத்தாது. மருந்தில்லாமல் விட்டால் இருமல் தொடங்கி மூன்று வாரம் வரை பிறருக்கு ஒட்டும்; உரிய நுண்ணுயிர்க்கொல்லியை ஐந்து நாள் சாப்பிட்டபின் ஒட்டாது. நீங்கள் போவதற்குள் இதற்கு ஒரு முடிவு தெரிந்துவிட வேண்டும். தெரியாவிட்டால் பயணத்தைத் தள்ளிவையுங்கள், அல்லது வீட்டில் வேறு அறையில் படுத்துக்கொள்ளுங்கள். பாட்டி, தாத்தா, அப்பா ஆகியோரும் ஒரு முறை டிடாப் போட்டுக்கொள்ளலாம், குழந்தை பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்பாவது. ஆனால் கையில் ஒரே ஓர் ஊசிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அது உங்களுக்குத்தான். குழந்தை பார்க்க வருகிறவர்களில் இருமுபவர் எவரானாலும், சீர் கொண்டுவந்த அத்தையானாலும், வாசலோடு நிற்கட்டும்; இதைச் சொல்லும் பொறுப்பை உங்கள் கணவரிடம் ஒப்படைத்துவிடுங்கள், பிள்ளை பெற்றவள் தலையில் போடக்கூடாது.

குழந்தை பிறந்தபின், தாய்க்குப் போட்டாயிற்றே என்று பென்டா ஊசியில் தாமதம் செய்யக்கூடாது. தாய் தந்த எதிர்ப்பொருள்கள் வாரத்துக்கு வாரம் கரைந்துகொண்டே போகும். அவை இருக்கும்போது குழந்தையின் சொந்த ஊசிக்கு உடல் காட்டும் மறுவினை சிறிது மட்டுப்படுகிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். அதனால் பின்னாளில் நோய் கூடியதாகத் தெரியவில்லை, ஆனாலும் மூன்று தவணைகளையும் நாள் தவறாமல் முடிக்க இது இன்னொரு காரணம். சளி, இருமல் என்றால் சேனை வைப்பது, தேன் தடவுவது, தெருவில் வரும் கழுதைப்பாலைச் சங்கில் வாங்கிப் புகட்டுவது ஆகியவை எல்லாம் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இருமும்போது முகம் நிறம் மாறினாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ இரவு என்று பாராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், 108ஐ அழைத்தாவது.

இரண்டாவது செய்தி, மூத்தவளுக்கு விட்டுப்போன ஊசி. ஒன்றரை வயதில் போட வேண்டியிருந்தது முத்தடுப்பூசியின் ஊக்கத் தவணை. கக்குவானுக்கு அவளிடம் இருக்கும் பாதுகாப்பு அதில்லாமல் குறைந்துகொண்டு வரும். அவளிடமிருந்து தம்பியோ தங்கையோ நோயை வாங்கிக்கொள்ள ஒரே ஒரு முத்தம் போதும். காலம் கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம், ஏழு வயது வரை இதைப் போடுவார்கள். இதற்குக் காசும் இல்லை. அன்று காய்ச்சல் என்று தள்ளிவைத்ததில் தவறில்லை, அதன்பின் யாரும் நினைவூட்டவில்லை என்பதுதான் குறை. இலேசான சளி இருந்தாலும் போடலாம். கிராம சுகாதார செவிலியரிடம் அவளுடைய அட்டையைக் காட்டி, தட்டம்மை இரண்டாவது தவணையும் அதே வயதில் விட்டுப்போயிற்றா என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் புதன்கிழமைதான் ஊசி நாளாக இருக்கும். ஊசி போட்ட தொடை அவளுக்கு இரவில் வலிக்கும், காய்ச்சலும் அடிக்கும். உங்கள் ஊசியையும் அதே நாளில் வைத்துக்கொண்டு, வலிக்கும் கையோடு அவளைத் தூக்கி அவதிப்படாமல், இரண்டுக்கும் நடுவே மூன்று நாள் விட்டுக்கொள்ளுங்கள்.